பிந்தி எழும்பும் டிஸ்க்

ஓடாது என்று நாலு பேர் கைவிட்ட எஞ்சினை ஓட வைத்தவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கையும் காதும் படித்ததுதான். சண்டையால் பெற்றோலைக் கண்ணில் காணக் கிடைக்காத காலத்தில், சின்னப் போத்தலில் இருந்து ஒரு சொட்டைக் காபிரேற்றருக்குள் விட்டு, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட வைத்த மோட்டார் சைக்கிள்கள் எத்தனையோ. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ஊருக்கே ரேடியோ கேட்க வைத்திருக்கிறேன். இன்றைக்கும் மாங்குளம் சந்தியில் என் திருத்தகத்துக்கு முன்னால் நிற்கிற தண்ணி இறைப்பு மெசின்களைப் பார்த்தால், சனம் யாரை நம்பி வருகிறது என்று தெரியும்.

அப்படிப்பட்ட எனக்கு, போன மாரி தொடங்குகிற நேரத்தில், உருத்திரபுரத்தில் என் சொந்த வீட்டுக்குள் இருந்த ஒரு பெட்டி தண்ணி காட்டியது.

அது மகளின் கொம்பியூட்டர். கடைசிச் சண்டையில் அவளின் பிடரிக்குக் கீழே பட்ட துப்பாக்கிச் சன்னம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அன்று பள்ளிக்கூடம் போன பிள்ளை, இன்று சக்கர நாற்காலியில் இருக்கிற பெரிய மனுசி. இடது கையால் ஏதும் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும், வலது கையில் இரண்டு விரல்தான் சொன்னபடி கேட்கும். சாதாரண விசைப்பலகையில் அவள் கையை வைத்தால் கையின் பாரமே பக்கத்தில் இருக்கிற எழுத்துகளையெல்லாம் அமத்திவிடும். அதனால் வாசல் மணிக்குப் பூட்டுகிற பட்டன்களை ஒரு பலகையில் தூரத் தூரப் பதித்து, தமிழ் அடிக்கிற மாதிரி நானே ஒன்று செய்து கொடுத்தேன். பழைய கொம்பியூட்டரின் பின்பக்கம் பிரிண்டர் கொழுவுகிற அகலமான துவாரம் இருக்கும், அதில் வயரைக் கொழுவினேன். கடைக்காரர் போட்டுத் தருகிற சிஸ்டத்துக்கு என் பலகை என்னவென்றே விளங்கவில்லை. புதிய கொம்பியூட்டர்களில் அந்தத் துவாரமே இல்லை.

மகள்தான் லினக்ஸ் என்ற சிஸ்டத்தைத் தேடிப் பிடித்தாள். அதை எழுதிய மூல வரிகள் முழுவதும் திறந்து கிடக்கிறதாம், யாரும் எடுக்கலாம், வேண்டாததைக் கழற்றலாம், வேண்டியதைச் சேர்த்துத் தாங்களே ஒரு சிஸ்டம் கட்டலாம் என்று போனில் வாசித்துச் சொன்னாள். அதற்கு முன் எனக்கு அந்தச் சொல்லும் தெரியாது. ஆனால் கழற்றிப் பூட்டலாம் என்றால் அது என்னுடைய வேலை. ஆங்கிலக் கைநூலை அவள் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பேன். கேர்னல் என்று ஒன்று. அதுதான் எஞ்சின், மிச்சமெல்லாம் அதைச் சுற்றிப் பூட்டுகிற சாமான். ஒரு கோடை முழுக்க இருந்து கட்டினோம். என் பட்டன் பலகையை அறிகிற பகுதியையும் அந்த எஞ்சினுக்குள்ளேயே வைத்தோம். உலகத்தில் அந்தப் பலகையைத் தெரிந்த கொம்பியூட்டர் அது ஒன்றுதான். படித்த ஆட்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன், அவர்களும் தலையை ஆட்டினார்கள்.

அதில் நான் என் பழக்கத்தில் ஒரு வேலை செய்திருந்தேன். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் இறைப்பு மெசினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கிணற்றடியில் விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். ஆனால் ஓடுகிறவன் அதன் காபிரேற்றரையோ பிளக்கையோ கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஓடுவான். பின்னால் வருகிறவனுக்கு வெறும் இரும்புதான் மிஞ்சும். வன்னியில் மெசின் வைத்திருந்த எல்லோரும் செய்தது இது. கொம்பியூட்டருக்கும் அப்படியே செய்தேன். சிஸ்டம் முழுவதும் உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அதைத் தொடக்கி விடுகிற பகுதியையும் கேர்னலையும் மட்டும் ஒரு பென் டிரைவில் வைத்தேன். காலையில் பென்னைச் செருகி, கொம்பியூட்டரை எழுப்பி, பென்னைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாங்குளம் போவேன். கள்ளன் பெட்டியைத் தூக்கினாலும் அவனுக்கு எழும்பாது. இடையில் கறண்ட் போய் வந்தால் எங்களுக்கும் எழும்பாது, நான் திரும்பி வரும்வரை மகள் யன்னலுக்குப் பக்கத்தில் இருப்பாள். அதை வீட்டில் ஒருவரும் பெரிய கதையாக எடுக்கவில்லை.

அந்த மாரியில் வவுனியாவில் ஒரு அச்சகக்காரர் அவளுக்குப் பெரிய வேலை ஒன்று கொடுத்தார். அதுவரை துண்டு துண்டாகத் தட்டச்சுத்தான் கொடுத்து வந்தவர். புளியங்குளத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருவர் செத்துப்போனார், நானும் அவர் கடையில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். அந்தியேட்டிக்கு அவரின் கல்வெட்டு அடிக்க வேண்டும். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்போம். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் அதில் வரும். கலியாணக் கார்ட் ஒரு நாள் பிந்தினால் சமாளிக்கலாம். கல்வெட்டு பிந்த முடியாது, அடுத்த நாள் அதை வாங்க அங்கே ஆள் இருக்காது. முழுப் புத்தகத்தையும் மகள்தான் அடித்துப் பக்கம் கட்ட வேண்டும். இது சரியாக வந்தால் இனி அச்சகத்துக்கு வருகிற கல்வெட்டெல்லாம் அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாள் மகள் சாப்பிடும்போது தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தாள்.

வரலாறு முடிந்து, தேவாரம் முடிந்து, புலம்பல் தொடங்குகிற இடத்தில் ஒரு காலை கொம்பியூட்டர் எழும்பவில்லை.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மளமளவென்று ஓடி ஒரு இடத்தில் நின்றது. கேர்னல் பானிக் என்று மகள் வாசித்தாள். எஞ்சின் பிடித்துவிட்டது, ஆனால் மிச்சச் சிஸ்டம் இருக்கிற டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை, அதனால் மேலே போக வழியில்லாமல் நின்றுவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

நான் சுவரில் சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, தேத்தண்ணி குடிக்கிற நேரம் பொறுத்துத் திரும்பக் கொழுவினேன். ஜெனரேட்டரோடு சீவித்த ஆட்களுக்கு இது இரத்தத்தில் ஊறிய பழக்கம், எந்தச் சாமான் முரண்டு பிடித்தாலும் முதலில் கறண்டைக் கழற்று. கொழுவினேன். அதே இடத்தில் நின்றது.

கைநூலில் இதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. டிஸ்க்கில் கோப்புகள் அடுக்கியிருக்கிற முறையை அறிகிற பகுதியைக் கேர்னலுக்குள் கட்டாமல் விட்டால் இப்படி நிற்குமாம். நேற்றுவரை ஓடியது இன்றைக்கு எப்படி விடுபடும் என்று மகள் கேட்டாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. மாங்குளத்தில் கணக்குக்கு வைத்திருக்கிற என் கடைக் கொம்பியூட்டரில் வைத்துக் கேர்னலை முதலில் இருந்து கட்டினேன், அது ஒரு பகலைத் தின்றது. கொண்டுவந்து செருகிச் சுவிச்சைப் போட்டேன். பானிக். அடுத்து டிஸ்க்கோடு கதைக்கிற பகுதியில் சந்தேகப்பட்டு அதை மாற்றிக் கட்டினேன். இன்னொரு பகல். பானிக். பெட்டியைத் திறந்து தூசி துடைத்தேன், டிஸ்க்கின் வயரை மாற்றினேன். பானிக்.

கிளிநொச்சியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறவர் நல்ல மனிதர். டிஸ்க்கைக் கொண்டு வாருங்கோ, உள்ளே இருக்கிற பக்கங்களை எடுத்துத் தாறன் என்றார். எடுக்கலாம்தான். எடுத்து என்ன செய்வது? மிச்சத்தை அடிக்க அவளுக்கு அந்தப் பலகை வேண்டும், பலகைக்கு இந்தச் சிஸ்டம் வேண்டும். அச்சகக்காரர் போனில் எந்த மட்டில் நிற்கிறது என்று கேட்டார். புலம்பல் அளவில் நிற்கிறது என்று நான் சொன்னேன். அது பொய்யில்லை.

என் மனிசி தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, கொள்ளி வைச்சிட்டு வந்த ஆள் மாதிரி இருக்கிறியள். செத்தது புளியங்குளத்து மனிசன், எங்கட வீட்டு ஆள் இல்லை."

நான் வாய்க்காலில் குளிக்கப் போனேன். கொம்பியூட்டர் பானிக்கில் நின்றபடியே கிடந்தது. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், மகளின் பட்டன் சத்தம் கேட்கிறது. டக், டக் என்று. திரையில் புத்தகத்தின் பக்கம்.

என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லையப்பா. பெட்டியில முன்னால இருக்கிற சின்னப் பட்டனை அமத்தினனான். எழும்பிட்டுது."

அது திரும்ப முதலில் இருந்து தொடக்குகிற பட்டன். நான் கட்டிய கேர்னல் கொஞ்சம் பிந்தித்தான் பிடித்திருக்கிறது என்று விளக்கம் சொன்னேன். சரியாகத்தான் பிடித்திருக்கிறதா என்று உறுதிப்படுத்த அவளை நிறுத்தச் சொல்லி, சுவிச்சைக் கழற்றி, பொறுத்து, திரும்பப் போட்டேன்.

பானிக்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிச் சின்னப் பட்டனை அமத்தினாள். எழும்பியது. குசினிக்குள் இருந்து மனிசி, "உங்கட வாய்க்குப் பயந்துதான் அது படுத்திருக்கு, பிள்ளையோட விட்டிட்டுப் போங்கோ" என்றாள்.

நான் தொட்டால் படுக்கிறது, அவள் தொட்டால் எழும்புகிறது. என் சீவியத்தில் எந்த மெசினும் என்னிடம் இப்படி நடந்ததில்லை. இரண்டு பேருக்கும் வித்தியாசம் என்ன என்று யோசித்தபடியே அன்றைக்கு மாங்குளத்தில் ஒருவரின் மெசினுக்கு வேறொருவரின் நட்டைப் பூட்டி அனுப்பினேன். அவர் திரும்பி வந்து ஏசினார். பென்னும் அன்றைக்கு என் பையில்தான் இருந்தது. மத்தியானம் கறண்ட் போய் வந்து, நான் போகும்வரை மகள் சும்மா இருந்திருக்கிறாள்.

அடுத்த காலை அவள் ஒரு வழி சொன்னாள். பானிக்கில் நிற்கிறபோது திரையைப் போனில் படம் எடுப்பது, எழும்பியபோது கேர்னல் தொடக்கத்தில் சொன்ன வரிகளையும் எடுப்பது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வழக்கம் போல நான் சுவிச்சால் எழுப்பினேன், நின்றது. படம் எடுத்தோம். அவள் பட்டனால் எழுப்பினாள், ஓடியது. அந்த வரிகளையும் எடுத்தோம். அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் வரிவரியாக வாசித்தாள்.

"அப்பா, நிண்ட படத்தில ஹார்ட் டிஸ்க்கே இல்லை. என்னென்ன இருக்கெண்டு கேர்னல் கடைசியில சொல்லுது. பென் மட்டும்தான் நிக்குது. அதுவும் டிஸ்க்கின்ர பேரோட நிக்குது."

அப்போதுதான் விஷயம் எனக்குப் பிடிபட்டது. கேர்னல் டிஸ்க்குகளுக்குப் பெயர் வைப்பது அவை வருகிற வரிசையில். முதலில் வந்ததற்கு ஒரு பெயர், இரண்டாவதாக வந்ததற்கு அடுத்த பெயர். சண்டை முடிந்து முகாமில் எங்களைப் பதிந்ததும் இப்படித்தான், பஸ்ஸில் முதலில் இறங்கிய குடும்பம் முதலாம் கூடாரம். யார் எவர் என்று கேட்கவில்லை. நான் கேர்னலுக்கு எழுதி வைத்திருந்தது, முதல் வந்த டிஸ்க்கில் சிஸ்டம் இருக்கிறது, அதைத் திற என்று. டிஸ்க் பிந்தினால் பென் முந்தி வந்து அந்தப் பெயரில் குந்திக்கொள்ளும். பென்னுக்குள் சிஸ்டம் எங்கே இருக்கிறது?

ஆனால் டிஸ்க் ஏன் பிந்துகிறது? அதற்கு வாசிப்புத் தேவையில்லை, காது போதும். பிளக்கைக் கழற்றி, பெட்டியின் மூடியைத் திறந்து, காதைக் கிட்ட வைத்துக்கொண்டு மனிசியைச் சுவிச்சைப் போடச் சொன்னேன். அவளுக்குச் சுவிச் என்றால் பயம், துவாய்த் துணியால் பிடித்துப் போட்டாள். முதலில் காற்றாடிச் சத்தம். டிஸ்க்கில் சத்தமில்லை. ஒரு முனகல். திரும்ப ஒரு முனகல். திரையில் எழுத்து ஓடி நின்ற பிறகுதான் டிஸ்க் மெல்ல மெல்லச் சுற்றத் தொடங்கி ஒரு சீருக்கு வந்தது. தேய்ந்த எஞ்சின் குளிரில் பிடிக்கிற சத்தம். அந்தச் சத்தத்தை எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

எல்லாம் பொருந்தியது. நான் ஒவ்வொரு முறையும் கறண்டை முழுவதாகக் கழற்றினேன், டிஸ்க் நின்றுபோனது, திரும்ப எழும்ப நேரம் எடுத்தது. அவள் பட்டனை அமத்தியபோது கறண்ட் போகவில்லை, டிஸ்க் சுற்றிக்கொண்டே இருந்தது. கேர்னலைத் திரும்பத் திரும்பக் கட்டிய பகல்களில் கேர்னலுக்கு ஒரு நோயும் இருக்கவில்லை.

ஆளைப் பிடித்துவிட்டேன் என்று மனிசிக்குச் சத்தமாகச் சொன்னேன். வரிசைப் பெயரை விட்டுவிட்டு, டிஸ்க்கின் அந்தப் பகுதிக்கென்றே இருக்கிற நீண்ட அடையாள எண்ணை எழுதி, அது வரும்வரை பொறுத்திரு என்றும் ஒரு சொல் சேர்த்தால் போதும். கைநூலிலும் அது இருந்தது. பென்னைக் கையில் எடுத்தேன். மகள் என்னை நிற்கச் சொன்னாள்.

தொடக்குகிற பகுதியையும் கேர்னலையும் டிஸ்க்கிலேயே வைத்தால் என்ன என்று கேட்டாள். பெட்டி முதலில் டிஸ்க்கை எழுப்பித்தானே அதற்குள் இருக்கிற கேர்னலை எடுக்கும்? கேர்னல் வருகிறபோது டிஸ்க் எப்படியும் எழும்பி இருக்கும். முந்துவதற்குப் பென்னும் இருக்காது.

சரியான கதைதான். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. கள்ளன் வருவான், போன வருசம் சொந்தக்காரரின் பிள்ளைகள் வந்து விளையாட்டு ஏற்றியதை மறந்துவிட்டாயா என்றெல்லாம் சொன்னேன். காபிரேற்றரைக் கழற்றிக்கொண்டு போனதால்தான் கிணற்றடியில் எங்கள் மெசின் மிஞ்சியது, திரும்பி வந்து அதால்தான் தோட்டம் செய்தோம் என்று பழைய கதையையும் எடுத்தேன். அவள் முழுவதையும் கேட்டாள். எத்தனையோ தரம் கேட்ட கதை.

"மெசினை விட்டிட்டு ஓடேக்க கழட்டினது சரியப்பா. நான் எங்கை ஓடப் போறன்?"

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

நான் கையில் இருந்த பென்னைச் செருகினேன். அவள் வாசிக்க வாசிக்க, நான் அடிக்க, பென்னில் இருந்ததை டிஸ்க்குக்கு மாற்றினோம். பெயருக்குப் பதிலாக அடையாள எண்ணையும் எழுதினோம். பிறகு நான் சுவிச்சைக் கழற்றி, தேத்தண்ணி குடிக்கிற நேரம் பொறுத்து, திரும்பப் போட்டேன். பென் மேசையில் கிடந்தது. திரை கனநேரம் கறுப்பாக இருந்தது. முனகல் கேட்டது. பிறகு எழுத்து ஓடி, நிற்காமல் ஓடி, அவளின் பக்கம் வந்தது.

எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த முனகல் முதல் நாளை விட நீளம் என்று என் காது சொன்னது. எழுப்புகிற முறையைத்தான் திருத்தினோம், எழும்புகிற டிஸ்க் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த மாதிரி டிஸ்க் கிளிநொச்சியில் இல்லை, கொழும்பில் சொல்லி வைத்திருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். வேலை முடிய முடியப் பக்கங்களைப் பென்னுக்குப் பிரதி எடுத்தோம். பென்னுக்கு அந்த வேலைதான் மிஞ்சியது.

செத்தவரின் மக்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். புலம்பலை ஆளுக்கொரு விதமாக எழுதி அனுப்பினார்கள், பிறகு மாற்றி அனுப்பினார்கள், யாரின் பெயர் முதலில் வர வேண்டும் என்று போனில் பிடுங்குப்பட்டார்கள். மகள் ஒவ்வொரு முறையும் பொறுமையாக மாற்றினாள். கடைசிப் பக்கம் மிச்சம் இருந்த பின்னேரம் இரணைமடுப் பக்கமாக இருட்டிக்கொண்டு வந்து இடி விழத் தொடங்கியது. இடி என்றால் எல்லா வீட்டிலும் பிளக்கைக் கழற்றுவோம். நான் சுவிச்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கழற்றாவிட்டால் இடி பெட்டியைத் தின்னும். கழற்றினால் டிஸ்க் திரும்ப எழும்பாமல் போகலாம், எழும்பாவிட்டால் பலகையும் வெறும் பலகைதான். என்ன செய்வதென்று முடிவெடுக்க முடியாமல் நான் நின்றது அந்த இடத்தில்தான்.

"கழட்டுங்கோ அப்பா. எழும்பும்."

கழற்றினேன். சுற்றல் மெல்லக் குறைந்து நிற்கிற சத்தத்தை இரண்டு பேரும் கேட்டோம்.

காலையில் வானம் வெளித்திருந்தது. பிளக்கைக் கொழுவிச் சுவிச்சைப் போட்டுவிட்டு, அவள் பெட்டியை எழுப்புவதைப் பார்க்க நின்றேன். சுவிச்சைப் போட்டதும் தானாக எழும்பாமல், பெட்டியின் பெரிய பட்டனை அமத்தினால்தான் எழும்புகிற மாதிரி அவள் இப்போது மாற்றி வைத்திருந்தாள். அவள் அந்தப் பட்டனைத் தொடவில்லை. நீங்கள் கடைக்குப் போங்கோ, ஆட்கள் காத்திருப்பினம் என்றாள். மனிசியும் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கையில் தந்துவிட்டாள். இரண்டு பேரும் கதைத்து வைத்திருக்கிறார்கள் என்று விளங்கியது.

மாங்குளம் வரை மோட்டார் சைக்கிளில் போகிற வழியில் இரண்டு முறை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பென் வீட்டு மேசையில் கிடக்கிறது. கடையைத் திறந்து ஒரு மெசினைப் பிரித்தேன். எதைக் கழற்றினேன் எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. போன் அடிக்கும் என்று பார்த்தேன், அடிக்கவில்லை. கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு நானே எடுத்தேன்.

மனிசிதான் கதைத்தாள். "பிள்ளை வேலையா இருக்கிறாள். பிறகு எடுங்கோ."

பின்னால் பட்டன் சத்தம் கேட்டது.

கல்வெட்டு அந்தியேட்டிக்கு முதல் நாள் புளியங்குளம் போய்ச் சேர்ந்தது. அந்தியேட்டிக்கு நானும் போனேன். கையில் தந்த புத்தகத்தைப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டி, இது என்ர பிள்ளை செய்தது, கொம்பியூட்டரின் எஞ்சின் நான் கட்டினது என்று சொன்னேன். செத்த வீட்டில் இவ்வளவு பெருமை கூடாது என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

அச்சகத்தில் இருந்து அடுத்த கல்வெட்டும் வந்துவிட்டது. கொழும்பில் சொன்ன டிஸ்க் இன்னும் வரவில்லை. வந்தால் எல்லாவற்றையும் முதலில் இருந்து கட்ட வேண்டும். இந்த முறை தானே அடிக்கிறாளாம், நான் பக்கத்தில் இருந்து சத்தத்தைக் கேட்டால் போதுமாம்.

நான் வீட்டில் நிற்கிற காலைகளில் அவள் பட்டனை அமத்தியதும், டிஸ்க் எழும்பும்வரை நான் குசினிப் பக்கம் போவதில்லை. கதவடியில் நிற்பேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். யன்னலுக்கு வெளியே வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் இரண்டாவது முனகலுக்கும் சுற்றல் தொடங்குவதற்கும் இடையில் அவளின் இரண்டு விரலும் பலகையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருப்பதை நான் கண்டிருக்கிறேன்.